கணிப்பொறிகள் விடைபெறும் விதம்

சிற்றாறு தாமிரபரணியில் வந்து கலக்கும் இடம் சீவலப்பேரி. பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே உள்ள இவ்வூரின் பெயரை வெளியூர்களில் பலர் ஒரு திரைப்படத்தின் மூலமாகவே அறிந்திருப்பர். நான் இயற்பியல் மாணவர்கள் பதினொருவருடன் அங்கே சென்றது ஆற்றில் மிதவை விட்டு நீரோட்டத்தின் வேகத்தை அளப்பதற்காக. அளந்து முடித்துக் கரையேறியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். பன்னிரண்டு பேருக்குத் தேநீரும் வடையும் சேர்ந்து 264 ரூபாய் ஆயிற்று.

கைப்பேசியில் தொகையைக் குறித்து, இரகசிய எண்ணையும் இட்டேன். திரையில் வட்டம் சுழன்றது; சுழன்றுகொண்டே இருந்தது. என் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தி வந்தது. ஆனால் கடைக்காரரின் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டி வாய் திறக்கவில்லை. “சார், பெட்டி இன்னும் பேசலையே” என்றார் அவர். மாணவன் ஒருவன், “இன்னொரு தடவை போட்டிருங்க சார்” என்று யோசனை சொன்னான்.

என் பணம் என்னிடம் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. அப்படியானால் அது எங்கே இருக்கிறது? இன்னொரு தடவை போடலாமா, கூடாதா? இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடினால், ஐம்பது ஆண்டுகளாகக் கணிப்பொறி அறிஞர்களை வாட்டிவரும் ஒரு பெரிய சிக்கலில் போய் முடியும். இரண்டு கணிப்பொறிகள் பேசத் தொடங்குவது பெரிய காரியமன்று. பேச்சை ஒழுங்காக முடித்துக்கொண்டு பிரிவதுதான் கடினம். அது ஏன் என்பதைக் காண்போம்.

குழாயில் விட்டதும் தொட்டியில் விழுந்ததும்

நாங்கள் மிதவை விட்ட அதே ஆற்றுப் படுகையிலிருந்துதான் வடக்கே வெகுதொலைவில் உள்ள கோவில்பட்டிக்குக் குடிநீர் செல்கிறது. நேர்கோட்டில் அளந்தாலே 40 கிலோமீட்டருக்குக் குறையாது. குழாயில் நீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே உள்ளே நுழையும் ஒரு குடம் நீர் அங்கே போய்ச் சேர 40,000 நொடிகள், அதாவது சுமார் 11 மணி நேரம் ஆகும். நீரேற்று நிலையத்தில் உள்ள அளவுமானி எதைக் காட்டுகிறது? குழாயில் விட்ட நீரின் அளவை. தொட்டியில் விழுந்த நீரின் அளவையன்று. நடுவழியில் குழாய் உடைந்திருந்தாலும் இங்குள்ள அளவுமானி மகிழ்ச்சியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கணிப்பொறியில் நிரல் எழுதுகிறவர்கள் “இச்செய்தியை அனுப்பு” என்று ஆணையிடும்போது நிகழ்வதும் இதுவே. நிரல் கொடுத்த செய்தியை இயக்க அமைப்பு வாங்கித் தன் நினைவகத்தில் உள்ள ஓர் இடைத்தொட்டியில் ஊற்றிக்கொள்கிறது. உடனே “சரி” என்று விடை சொல்லிவிடுகிறது. அந்தச் “சரி”க்குப் பொருள் “வாங்கிக்கொண்டேன்” என்பதே. “போய்ச் சேர்ந்தது” என்பதன்று. செய்தி அதன் பின்னர்தான் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு வழியில் விடப்படுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1,500 கிலோமீட்டர் தடத்தைக் கடக்க அதற்கு 7.5 மில்லிநொடி போதும். நமக்கு அது கண்ணிமைப்பதற்குள் நடந்து முடிவது. கணிப்பொறிக்கோ அது நெடும்பயணம். அதற்குள் அது கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடித்திருக்கும், நிரலும் அடுத்த வேலைக்குப் போய்விட்டிருக்கும்.

ஆகவே நிரல் “இணைப்பை மூடு” என்று சொல்லும் கணத்தில், அது அனுப்பியதாக எண்ணிக்கொண்டிருக்கும் செய்தியில் ஒரு பகுதி இடைத்தொட்டியிலேயே இருக்கலாம். ஒரு பகுதி வழியில் இருக்கலாம். எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்த பகுதியும் அங்குள்ள இடைத்தொட்டியில் எடுப்பாரின்றிக் கிடக்கலாம். முடிப்பதில் உள்ள தொல்லைகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கடைசிப் பெட்டியின் பலகை

கணிப்பொறிகளை இணைக்கும் நெறிமுறைகளுள் தலையாயது டி.சி.பி. என்பதாகும். 1974-ஆம் ஆண்டில் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரையில் இதன் வித்து உள்ளது. 1981 செப்டம்பரில் இதன் இலக்கணம் ஆவணமாக வெளிவந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்த அந்த ஆவணம், பல திருத்தங்களையும் ஒன்றுசேர்த்து 2022 ஆகஸ்டில் புதிதாக எழுதப்பட்டது. விடைபெறும் முறை மட்டும் அடிப்படையில் மாறவில்லை.

அம்முறையைப் புரிந்துகொள்ள இரயில் நிலையம் ஒன்றுக்குப் போவோம். சீவலப்பேரிக்கு இரயில் பாதை இல்லை. மணியாச்சித் தடத்தில் உள்ள கங்கைகொண்டான் நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். இரயில் வண்டி ஒன்று கடந்து சென்றதும் நிலைய அதிகாரி எதைப் பார்க்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? எஞ்சினையன்று; கடைசிப் பெட்டியை. அதன் பின்புறத்தில் பெரிய பெருக்கல் குறி இருக்கும், “எல்.வி.” என்ற பலகை தொங்கும், இரவில் சிவப்பு விளக்கு எரியும். அதைக் கண்ட பின்னரே முந்தைய நிலையத்துக்கு “பாதை காலி” என்று தெரிவிக்கலாம். பலகை இல்லாத வண்டி வந்தால் என்ன பொருள்? சில பெட்டிகள் கழன்று நடுவழியில் நிற்கின்றன என்று பொருள். அடுத்த வண்டியை விட்டால் விபத்து. இப்போது பல இடங்களில் அச்சுகளை எண்ணும் கருவிகள் இந்தக் காவலை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் கொள்கை அதுவே.

டி.சி.பி.யில் இந்தப் பலகைக்கு “ஃபின்” என்று பெயர். முடிவு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. ஒவ்வொரு பொட்டலத்திலும் வரிசை எண் உண்டு. செய்தி முழுவதையும் அனுப்பியபின், அனுப்புகிற கணிப்பொறி அடுத்த வரிசை எண்ணுடன் ஃபின்னை அனுப்புகிறது. வரிசை எண் இருப்பதால், முந்தைய பொட்டலங்கள் யாவும் வந்த பிறகே ஃபின் வந்ததாகக் கொள்ளப்படும். பெறுகிற கணிப்பொறி அதற்கு ஒப்புகை அனுப்பும்.

இத்துடன் பாதி வேலைதான் முடிந்தது. ஏனெனில் இணைப்பு என்பது இருவழிப் பாதை. “நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்” என்று ஒருவர் சொன்னால் மற்றவரும் வாயை மூட வேண்டும் என்பதில்லை. எதிர்முனை தன் விடையை நிதானமாக அனுப்பி முடித்து, தன் பங்குக்கு ஒரு ஃபின்னை அனுப்பும். அதற்கு இம்முனை ஒப்புகை அனுப்பும். ஆக, இரு ஃபின்கள், இரு ஒப்புகைகள் என நான்கு செய்திகள். ஒரு பக்கம் மட்டும் மூடியுள்ள இடைநிலைக்குப் பாதி மூடல் என்று பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரு கரைகளும் ஒரு பரிசலும்

எல்லாம் சரி, அந்தக் கடைசி ஒப்புகை வழியில் தொலைந்துபோனால்?

தாமிரபரணியில் வெள்ளம் போகிறது என்று கற்பனை செய்யுங்கள். நடு ஆற்றில் ஒரு பரிசல் சிக்கியிருக்கிறது. அதிலிருந்து இரு கரைக்கும் கயிறுகள் வந்துள்ளன. இரு கரைக்காரர்களும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்தால் பரிசல் தப்பும். ஒருவர் மட்டும் இழுத்தால் கவிழும். நீரின் இரைச்சலில் கூவினால் கேட்காது. செய்தி சொல்ல ஒரு நீச்சல்காரரைத்தான் அனுப்ப வேண்டும். அவர் வழியில் அடித்துச் செல்லப்படவும் கூடும்.

வடகரையார் “காலை 6 மணிக்கு இழுப்போம்” என்று சொல்லியனுப்புகிறார். ஆள் போய்ச் சேர்ந்தாரா என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே பதில் வரும்வரை இழுக்கத் துணிய மாட்டார். தென்கரையார் “சரி” என்று பதில் அனுப்புகிறார். அந்தப் பதில் சேர்ந்ததா என்பது இவருக்குத் தெரியாது. சேராவிட்டால் வடகரையார் இழுக்க மாட்டார். ஆகவே இவரும் துணிய மாட்டார். “உம்முடைய பதில் கிடைத்தது” என்று வடகரையார் மூன்றாவது ஆளை அனுப்பலாம். ஆனால் இப்போது அந்த மூன்றாவது ஆளைப் பற்றிய ஐயம் பிறக்கும். நான்காவது, ஐந்தாவது என்று எத்தனை பேரை அனுப்பினாலும் கடைசியாகச் செய்தி அனுப்பியவர் இருட்டில்தான் நிற்பார்.

வேறு ஏதாவது சாமர்த்தியமான வழி இருக்காதா என்று கேட்கலாம். இல்லை என்று நிறுவிவிட முடியும். வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய நிறுவல் அது. இருவருக்கும் முழு உறுதி தரும் செய்திப் பரிமாற்ற முறைகள் உண்டென்று கொள்வோம். அவற்றுள் மிகக் குறைந்த செய்திகளைக் கொண்டதை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசிச் செய்தி தொலைந்துபோகக் கூடும். தொலைந்தாலும் முறை பலிக்க வேண்டும் அல்லவா? அப்படியானால் அந்தச் செய்தி தேவையே இல்லை. அதை நீக்கினால் இன்னும் ஒரு செய்தி குறைந்த முறை கிடைக்கிறது. “மிகக் குறைந்தது” என்று நாம் எடுத்ததற்கு இது முரண். எனவே அப்படிப்பட்ட முறை கிடையாது.

அக்கொயுன்லு, ஏகநாதம், ஹியூபர் ஆகிய மூவர் 1975-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இச்சிக்கல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. 1978-இல் ஜிம் கிரே என்ற அறிஞர் இதற்கு “இரு தளபதிகள்” என்று பெயர் சூட்டினார். அவர் கதையில் பரிசலுக்குப் பதில் போர்க்களம். இயற்பியலில் நிலையியக்க எந்திரம் செய்ய முடியாது என்பது எப்படியோ, அப்படி இது செய்தித் தொடர்பில் ஒரு தடைச்சுவர். வேகமான கம்பி, விலையுயர்ந்த கருவி எதுவும் இதைத் தாண்ட உதவாது.

இணைப்பைத் தொடங்கும்போதும் இதே ஐயம் உண்டுதானே என்று சில வாசகர்கள் கேட்பார்கள். உண்டு. ஆனால் அப்போது இருவரிடமும் இழக்க ஒன்றும் இல்லை. மீண்டும் முயன்றால் போயிற்று. முடியும்போது நிலைமை வேறு. சொன்னது பாதி, கேட்டது பாதி, செய்தது பாதி என்று நிற்கும் நேரம் அது.

டி.சி.பி. இந்தச் சுவரைத் தாண்டவில்லை, ஓரளவு சமாளிக்கிறது. கடைசி ஒப்புகையை அனுப்பிய கணிப்பொறி உடனே எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை. விருந்தினரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, வண்டி திருப்பத்தில் மறையும்வரை நிற்கிறோமே, அதுபோலச் சிறிது நேரம் காத்து நிற்கிறது. ஒப்புகை தொலைந்திருந்தால் எதிர்முனை தன் ஃபின்னை மீண்டும் அனுப்பும். காத்திருப்பவர் மீண்டும் ஒப்புகை தருவார். வழிதப்பிய பழைய பொட்டலம் ஏதேனும் தாமதமாக வந்து, அடுத்துத் தொடங்கும் இணைப்பில் புகுந்து குழப்பாமலும் இந்தக் காத்திருப்பு காக்கிறது. 1981 ஆவணம் ஒரு பொட்டலத்தின் மிகுந்த ஆயுள் 2 நிமிடம் என்று கொண்டு, காத்திருப்பை அதைப்போல் இருமடங்காக, 4 நிமிடமாக வைத்தது. லினக்ஸ் இயக்க அமைப்பில் அது 60 நொடி.

சொல்லாமல் போனவர்கள்

மேலே கண்டது மரியாதையான விடைபெறல். மரியாதையற்ற வகை ஒன்றும் உண்டு. அதற்கு “ரீசெட்” என்று பெயர். “இனி உன்னோடு பேச்சில்லை” என்று தொலைபேசியைப் படீரென்று வைப்பது போன்றது. ஏற்கெனவே மூடிவிட்ட இணைப்புக்குச் செய்தி வந்தால் ரீசெட் கிளம்பும். ஆயினும் அதுவும் ஒரு செய்திதான். என்ன நடந்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

மிகவும் மோசமானது மூன்றாம் வகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு வண்டியின் பயணிகள் சுமார் 800 பேர் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். மின்சாரம் நின்றது; கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. வெளியூரில் இருந்த உறவினர்கள் எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். எதிர்முனையிலிருந்து “இல்லை” என்ற விடைகூட வரவில்லை.

அந்த இரவில் இப்பகுதிக் கைப்பேசிகளும் தொலைதூரக் கணிப்பொறிகளும் வைத்திருந்த இணைப்புகள் என்ன ஆகியிருக்கும்? ஃபின் வராது, ரீசெட்டும் வராது. சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஒரு முனைக்கு, எதிர்முனை மௌனமாக இருப்பதற்கும் இல்லாமலே போனதற்கும் வேறுபாடு தெரியாது. செய்தி அனுப்பிய முனையானால் ஒப்புகை வராததைக் கண்டு மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி, கை விடுவதற்குச் சுமார் 15 நிமிடம் ஆகும். கேட்டுக்கொண்டிருக்கும் முனைக்கு “உயிரோடு இருக்கிறாயா?” என்று கேட்கும் வசதி ஒன்று உண்டு, நிரலர் அதைக் கேட்டு வாங்கினால்தான் அது வேலை செய்யும். வாங்கினாலும் முதல் கேள்வி 2 மணி நேர மௌனத்துக்குப் பிறகே எழும். பின்னர் 75 நொடிக்கு ஒன்றாக 9 முறை கேட்டு, மொத்தம் 2 மணி 11 நிமிடம் கழித்தே “ஆள் இல்லை” என்று முடிவு கட்டும். தேநீர்க் கடையில் அவ்வளவு நேரம் யார் நிற்பது? ஆகவேதான் நல்ல நிரல்கள் தமக்கென்று ஒரு காலக்கெடுவை வைத்துக்கொள்கின்றன.

காலக்கெடு முடிந்தது என்றால் “வேலை நடக்கவில்லை” என்று பொருளன்று. “நடந்ததா இல்லையா என்று தெரியவில்லை” என்பதே பொருள். நிரல் எழுதும் மாணவர்களில் பத்தில் எட்டுப் பேராவது இதில் தவறுகிறார்கள் என்பது என் அனுபவம். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, விடைத்தாள் திருத்திய சலிப்பில் சொல்கிறேன்.

மூடும்போது வரும் பிழைகள்

கணிப்பொறிக் கல்வியில் “திற, எழுது, மூடு” என்று பாடம் சொல்கிறோம். திறக்கும்போது பிழை வந்தால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்வோம். மூடுவதை ஒரு சடங்காகக் கருதி அதன் விடையைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். இடைத்தொட்டியில் கிடந்த செய்தி வெளியேறும்போது ஏற்படும் பிழை, சில வேளைகளில் மூடும் நேரத்தில்தான் தலைகாட்டும். குறிப்பாக வலையமைப்பின் வழியே வேறோர் எந்திரத்தில் கோப்புகளை வைக்கும்போது, “எழுது” என்ற ஒவ்வோர் ஆணைக்கும் “சரி” வந்திருக்கும். “மூடு” என்றதும் “இடம் இல்லை” என்று விடை வரும். அந்த விடையைக் காதில் வாங்காத நிரல், எழுதாத கோப்பை எழுதியதாக எண்ணிக்கொண்டு போய்விடும்.

பிழை வந்துவிட்டது, சரி, மீண்டும் ஒருமுறை மூடிப் பார்க்கலாமா? இது இயல்பாகத் தோன்றும் யோசனை. ஆனால் ஆபத்தானது. இயக்க அமைப்பு ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் தருகிறது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் தரும் வில்லையைப் போன்றது அது. 7-ஆம் எண் வில்லையைக் கொடுத்துச் சைக்கிளை எடுத்தாயிற்று. அவ்வில்லை உடனே அடுத்தவருக்குப் போய்விடும். “சரியாக எடுத்தேனா என்று தெரியவில்லை, 7-ஐ இன்னொரு தடவை எடுத்துவிடுங்கள்” என்றால் அடுத்தவர் சைக்கிள் போகும். லினக்ஸில் மூடும் ஆணை பிழையைச் சொன்னாலும் எண்ணை விடுவித்துவிடுகிறது. ஒரே நிரலில் பல வேலைகள் இணையாக நடக்கும்போது, இரண்டாம் முறை மூடினால் வேறொருவரின் இணைப்பு அறுபடும். இத்தகைய கோளாறு எப்போதோ ஒருமுறைதான் தோன்றும் என்பதால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

மூடவே மறந்துவிடுவது இதற்கு நேர்மாறான குற்றம். எதிர்முனை ஃபின் அனுப்பிவிட்டது. நம் இயக்க அமைப்பும் ஒப்புகை தந்துவிட்டது. ஆனால் நம் நிரல் “மூடு” என்று சொல்லவே இல்லை. அந்த இணைப்பு பாதி மூடிய நிலையிலேயே தொங்கும். லினக்ஸில் ஒரு நிரலுக்கு வழக்கமாக 1,024 எண்களே ஒதுக்கப்படும். ஒவ்வொன்றாகத் தொங்கித் தொங்கி அவை தீர்ந்ததும், புதிதாக வருபவர் யாரையும் உள்ளே விட முடியாது. நடுவில் பிழை நேர்ந்து நிரல் வேறு பாதையில் திரும்பும்போதுதான் இந்த மறதி பெரும்பாலும் நிகழ்கிறது. 2011-இல் வெளிவந்த ஜாவா மொழியின் ஏழாம் பதிப்பு இதற்கென்றே ஓர் அமைப்பைக் கொண்டுவந்தது. எந்தப் பாதையில் வெளியேறினாலும் இணைப்பு தானே மூடப்படும். வேலையின்போது ஒரு பிழையும் மூடும்போது இன்னொரு பிழையும் வந்தால், முதலாவதையே முன்னிறுத்தி, இரண்டாவதை அதனுடன் இணைத்து வைக்கும். இது நல்ல ஏற்பாடு. நோயாளி எதனால் இறந்தார் என்று கேட்டால், கடைசியில் நாடி நின்றது என்று சொல்வதில் பயனில்லை அன்றோ!

இன்னொன்று சற்று விசித்திரமானது. எதிர்முனை அனுப்பிய செய்தியில் படிக்காத பகுதி நம் இடைத்தொட்டியில் கிடக்கும்போதே மூடினால், இயக்க அமைப்பு ஃபின்னுக்குப் பதில் ரீசெட்டை அனுப்பிவிடும். ரீசெட் போய்ச் சேர்ந்ததும் எதிர்முனை தன் இடைத்தொட்டியைக் கவிழ்த்துவிடும். நாம் கடைசியாக அனுப்பிய விடை அதில் இருந்தால் அதுவும் படிக்கப்படாமலே போய்விடும். ஒருவர் பெரிய நிழற்படம் ஒன்றை ஏதோ ஓர் அலுவலக நிரலுக்கு அனுப்புகிறார். பாதியிலேயே அந்த நிரல், “படம் அளவுக்கு மீறியது” என்று விடை எழுதிவிட்டு மூடிவிடுகிறது. அனுப்பியவருக்கோ “இணைப்பு அறுந்தது” என்ற செய்தி மட்டும் தெரியும். காரணம் தெரியாமல் அதே படத்தை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருப்பார். நாம் நினைவில் வைத்த பாதி மூடல் இங்கேதான் உதவுகிறது. விடையை அனுப்பி, தன் பக்கத்தை மட்டும் மூடி, எதிர்முனையும் ஃபின் அனுப்பும்வரை வருவதைப் படித்துக் கழித்துக்கொண்டிருந்து, பின்னரே முழுதும் மூட வேண்டும். அதற்கும் ஒரு காலக்கெடு வேண்டும். வலைத்தளங்களை நடத்தும் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற பெரிய நிரல்கள் இப்படித்தான் செய்கின்றன.

“போய்ச் சேர்ந்தது” என்பதற்கு யார் சாட்சி?

இத்தனையும் ஒழுங்காகச் செய்து, ஒப்புகையும் வந்துவிட்டதென்று கொள்வோம். அப்போதாவது நிம்மதியாக இருக்கலாமா? டி.சி.பி. தரும் ஒப்புகை, செய்தி எதிர்முனைக் கணிப்பொறியின் இடைத்தொட்டியில் விழுந்தது என்பதற்குத்தான் சாட்சி. அங்குள்ள நிரல் அதை எடுத்துப் படித்ததா, கணக்கில் எழுதிற்றா என்பதற்கு அன்று. அந்தச் சாட்சியத்தை அந்த நிரல்தான் தர முடியும். சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற மூவர் 1984-இல் ஆய்விதழில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுவே. முனைக்கு முனை சரிபார்க்க வேண்டியதை நடுவில் உள்ள எந்தக் கருவியிடமும் ஒப்படைத்துவிட முடியாது என்றனர் அவர்கள்.

என் மாணவி ஒருத்தி மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது இதன் விலையைக் கண்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடைசி நாள் மாலை, கட்டணம் செலுத்தினாள், திரையில் “அனுப்பப்பட்டது” என்று வந்தது. அதைப் படம் எடுத்தும் வைத்திருந்தாள். பத்து நாள் கழித்து, விண்ணப்பம் வந்து சேரவில்லை என்றார்கள். கட்டணம் திரும்பி வந்தது; அந்த ஆண்டு திரும்பி வரவில்லை. அனுப்பியதைச் சொல்லும் சொல்லுக்கும், பெற்றுப் பதிவு செய்ததைச் சொல்லும் சொல்லுக்கும் இடையே உள்ள தூரம் அவளுக்கு ஓர் ஆண்டு. இப்போதெல்லாம் என் மாணவர்களிடம், “அனுப்பப்பட்டது” என்ற சொல்லை நம்பாதீர்கள், பதிவு எண் வந்ததா என்று பாருங்கள் என்று சொல்லி வைக்கிறேன்.

இனி, தேநீர்க் கடைக்குத் திரும்பலாம். யு.பி.ஐ. என்ற பணப் பரிமாற்ற முறை 2016 ஏப்ரல் 11-இல் தொடங்கியது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.பி.சி.ஐ. இதை நடத்துகிறது. நான் பணம் செலுத்தியபோது, என் வங்கியில் பற்று எழுதும்படி நடுவில் உள்ள கணிப்பொறி கேட்டது, எழுதப்பட்டது. பின்னர்க் கடைக்காரரின் வங்கியில் வரவு எழுதும்படி கேட்டது. அந்த இரண்டாம் கேள்விக்கு விடை வருவதற்குள் காலக்கெடு முடிந்தால், நடுவில் உள்ளவர் இரு கரைக்காரர்களில் ஒருவராகிவிடுகிறார். வரவு எழுதப்பட்டுச் செய்தி மட்டும் தொலைந்திருக்கலாம்; எழுதப்படாமலும் இருக்கலாம். பணத்தைப் பிடுங்கி எனக்குத் திருப்பித் தந்தால், ஒருவேளை இருவரிடமும் பணம் இருக்கும். ஆகவே அந்தப் பரிமாற்றம் ஐயத்துக்குரியதாகக் குறித்து வைக்கப்பட்டு, வங்கிகள் பின்னர்க் கணக்குகளை ஒப்பிட்டு நேர்செய்கின்றன.

சுவரைத் தாண்ட முடியாது என்று கணிதம் சொல்லிவிட்டபின் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் தருவது. அதே எண்ணுடன் அதே வேண்டுகோள் மறுபடி வந்தால், “இது முன்பே செய்தாயிற்று” என்று கண்டுகொள்ளலாம். பத்து முறை கேட்டாலும் ஒருமுறைதான் பணம் போகும். “அந்த எண் என்னவாயிற்று?” என்று விசாரிக்கவும் முடியும். நம் கைப்பேசியில் தெரியும் 12 இலக்கக் குறிப்பு எண்ணின் பயன் அதுதான். மாணவன் சொன்னபடி நான் “இன்னொரு தடவை” போட்டிருந்தால் அது பழைய எண்ணுடன் போகாது. புதிய எண்ணுடன் புதிய பரிமாற்றமாகப் போகும். எந்திரத்துக்கு அது இன்னொரு பன்னிரண்டு தேநீர்!

மற்றொன்று, உறுதியைக் காலத்துக்குள் அடக்குவது. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அதைச் செய்தது. யு.பி.ஐ.யில் ஒருவர் கணக்கில் பணம் எடுக்கப்பட்டு மற்றவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளைக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். கடையில் செலுத்தி, கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் 5 நாளைக்குள் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். கேட்டுத்தான் பெற வேண்டும் என்பதில்லை. தானியங்கிப் பணப்பொறியில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தாலும் 5 நாள் கெடுதான்.

கடைக்காரரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. மாணவர்களிடம் இருந்த பணத்தைத் திரட்டி 264 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். குறிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் என் கைப்பேசி எண்ணையும் அவர் சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதி, பணப்பெட்டியில் போட்டுக்கொண்டார். மறுநாள் மாலை ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “சார், பெட்டி இப்பதான் பேசுச்சு. இருநூத்தி அறுவத்தி நாலு வந்துட்டு. கையில குடுத்ததைத் திருப்பி அனுப்பவா, இல்ல அடுத்த வாட்டி பிள்ளையளக் கூட்டிட்டு வரும்போது கழிச்சுக்கிடுவமா?”